ரன் லெவல் 2-ஆ, 5-ஆ? பழைய யூனிக்ஸ் எழுந்திரிக்கிற கதை

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. ஆவடி, பூந்தமல்லி பக்கம் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் கையில் வந்த அந்தப் பெட்டிகளில் ஒரு பக்கம் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், இன்னொரு பக்கம் பாஸ் லினக்ஸ். பாஸ் என்றால் பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சென்னை சி-டாக்கில் உருவானது, டெபியன் மேல் கட்டியது, முதல் பதிப்பு 2007 ஜனவரியில் வந்தது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியிருந்தது. அரசுப் பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளிலும் சூசே வந்தது.

அதனால் நம்ம பக்கத்துப் பிள்ளை ஒருத்தர் ஒரே வாரத்தில் இரண்டு லினக்ஸைப் பார்க்க வாய்ப்பு இருந்தது. லேபில் சூசே, வீட்டில் பாஸ். இரண்டிலும் டெர்மினலைத் திறந்து 'ரன்லெவல்' என்று அடித்தால் சூசே 'என் 5' என்று சொல்லும். பாஸ் 'என் 2' என்று சொல்லும். இரண்டிலும் கண் முன்னால் இருப்பது ஒரே மாதிரி ஜன்னல், மவுஸ், ஐகான். அப்புறம் ஏன் எண் வேறு? என்னிடம் இதைக் கேட்டவர்கள் மூன்று நான்கு பேர் இருக்கும். அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லணும்னா யூனிக்ஸ் எப்படி எழுந்திரிக்கிறது என்பதை முழுசாகச் சொல்லியாகணும். சொல்லிடறேன்.

(முன்னால் இருக்கும் அந்த 'என்' எழுத்துக்கு 'இதற்கு முன் எந்த லெவலிலும் இல்லை' என்று அர்த்தம். பூட் ஆனதிலிருந்து லெவல் மாறவில்லை, அவ்ளோதான்.)

பவர் பட்டனை அழுத்தினால் பயாஸ் விழிக்கும், அது பூட் லோடரைக் கூப்பிடும், பூட் லோடர் கர்னலை மெமரியில் ஏற்றும். கர்னல் வட்டு, விசைப்பலகை, மெமரி எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, ரூட் ஃபைல்சிஸ்டத்தை மவுண்ட் செய்துவிட்டு, ஒரே ஒரு புரோகிராமை ஓட்டும். அதன் பெயர் இனிட். அதன் புராசஸ் எண் 1. கர்னலுக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நெட்வொர்க் வேணுமா, பிரிண்டர் வேணுமா, ஜன்னல் திரை வேணுமா என்று முடிவெடுக்கிற வேலை முழுக்க இனிட்டுடையது. மற்ற எல்லா புராசஸும் இனிட்டின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன். நடுவில் ஒரு அப்பா புராசஸ் செத்துப்போனால் அநாதையான பிள்ளையை இனிட்தான் தத்தெடுத்துக்கொள்ளும். இனிட்டே செத்தால் கர்னல் கையை விரித்துவிடும்: 'பேனிக்'.

1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் இது ரொம்ப எளிமை. இனிட் முதலில் ஒற்றை ஆளுக்கு ஒரு ஷெல் கொடுக்கும். அதை விட்டு வெளியே வந்தால் 'ஆர்சி' என்ற ஒரே ஸ்கிரிப்டை ஓட்டும், பிறகு ஒவ்வொரு டெர்மினலுக்கும் ஒரு 'கெட்டி' புராசஸை உட்கார வைக்கும். கெட்டிதான் 'லாகின்:' என்று காட்டுகிற ஆள். பெர்க்லி யூனிக்ஸ்காரர்கள் இந்த வழியையே வைத்துக்கொண்டார்கள். ஏடி அண்ட் டி பக்கம்தான் சிஸ்டம் 3-இலும், 1983-இல் வந்த சிஸ்டம் 5-இலும், எண் போட்ட 'ரன் லெவல்' என்ற யோசனை வந்தது. கணினி இப்போது என்ன நிலையில் இருக்கணும் என்பதற்கு ஒரு எண். அந்த எண்ணில் எது ஓடணும், எது ஓடக்கூடாது என்பதற்கு ஒரு பட்டியல்.

இந்த கெட்டி விஷயத்தை நம்ம ஊரில் நிறையப் பேர் பெயர் தெரியாமலே பார்த்திருப்பார்கள். வங்கிகளைக் கணினிமயமாக்க சி. ரங்கராஜன் தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குழு 1984-இல் அறிக்கை தந்தது. அதன் பிறகான வருடங்களில் வங்கிக் கிளைகளுக்கு யூனிக்ஸ் வந்தது. நடுவில் ஒரு யூனிக்ஸ் பெட்டி, கவுண்ட்டருக்கு ஒரு கறுப்புத் திரை டெர்மினல், சீரியல் கேபிள். மதியம் கேஷியர் வேலை முடித்து லாக்அவுட் செய்தவுடன் திரை ஒரு நொடி காலியாகும், திரும்ப 'லாகின்:' வரும். அந்த ஒரு நொடியில் என்ன நடந்தது? அவருடைய ஷெல் செத்தது. அது செத்ததை இனிட் கவனித்தது. அதே லைனில் புது கெட்டியை உட்கார வைத்தது. இதற்கு 'ரீஸ்பான்' என்று பெயர்.

இதெல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கும் இடம் இடிசி அடைவில் இருக்கிற இனிட்டாப் என்ற கோப்பு. ஒரு வரிக்கு நாலு பகுதி, நடுவில் முக்காற்புள்ளி. முதலில் வரிக்கு ஒரு சின்னப் பெயர், இரண்டாவது எந்தெந்த லெவலில் இது செல்லும், மூன்றாவது என்ன மாதிரி நடத்தணும், நாலாவது ஓட்டவேண்டிய கட்டளை. '2345' என்று லெவல் போட்டு, 'ரீஸ்பான்' என்று எழுதி, கெட்டியைக் கொடுத்தால், 2 முதல் 5 வரை எந்த லெவலிலும் அந்த டெர்மினல் உயிரோடு இருக்கும். 'வெயிட்' என்று எழுதினால் அந்தக் கட்டளை முடியும்வரை இனிட் காத்திருக்கும். 'சிஸ்இனிட்' என்றால் லெவல் எதுவானாலும் பூட் ஆகும்போது முதல் வேலை: வட்டுச் சோதனை, மவுண்ட், ஸ்வாப், கணினிக்குப் பெயர் வைப்பது. 'இனிட்டிஃபால்ட்' வரி ஒன்றுதான் கட்டளை இல்லாதது. பூட் முடிந்ததும் போய்ச் சேரவேண்டிய லெவல் எது என்று மட்டும் சொல்லும். அங்கே 0 என்று போட்டால் கணினி எழுந்தவுடன் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். 6 என்று போட்டால் ராத்திரி முழுக்க ரீபூட் ஆகிக்கொண்டே இருக்கும். விளையாட்டுக்குக்கூட செய்யாதீங்க.

எனக்கு அந்தக் கோப்பில் ரொம்பப் பிடித்த வரி வேறு. ரெட்ஹேட் வகை கணினிகளில் 'பவர்ஃபெயில்' என்று ஒரு வரி இருக்கும். கரண்ட் போனால் 2 நிமிடத்தில் அணைத்துவிடு என்று அதில் ஷட்டவுன் கட்டளை எழுதியிருக்கும். அதற்குக் கீழே 'பவர்ஓகேவெயிட்'. கரண்ட் வந்துவிட்டால் அந்த ஷட்டவுனை ரத்து செய் என்று அர்த்தம். இது எப்படி வேலை செய்யும்னா, யூபிஎஸ்ஸிலிருந்து ஒரு சீரியல் கேபிள் கணினிக்கு வரணும். அதைக் கவனிக்க ஒரு டெமான் ஓடணும். கரண்ட் போனதும் அந்த டெமான் 'பவர்ஸ்டேட்டஸ்' என்ற சின்னக் கோப்பில் ஒரே ஒரு எழுத்தை எழுதிவிட்டு இனிட்டுக்கு ஒரு சிக்னல் அனுப்பும். எஃப் என்றால் கரண்ட் போச்சு, ஓ என்றால் வந்துடுச்சு, எல் என்றால் பேட்டரி தீரப்போகுது. இனிட் அந்த எழுத்தைப் படித்து, பொருத்தமான வரியை ஓட்டும்.

2012-இல் சென்னை நகருக்குள்ளேயே தினம் 2 மணி நேர மின்வெட்டு. மற்ற மாவட்டங்கள் பட்ட பாடு இன்னும் மோசம். அந்த வருடம் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் நான் போய்ப் பார்த்த சிறு பட்டறைகளில் எல்லாம் யூபிஎஸ் இருந்தது. பவர்ஃபெயில் வரியும் கோப்பில் இருந்தது. இரண்டையும் சேர்க்கிற கேபிள் மட்டும் ஒரு இடத்தில்கூட மாட்டியிருக்கவில்லை. யூபிஎஸ் கத்தும், கத்தி ஓயும், சர்வர் பட்டென்று அணையும்.

அப்படி ஒரு பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். சுமார் நாற்பது பேர் வேலை செய்கிற இடம். வருகைப் பதிவும் சம்பளக் கணக்கும் ஒரு சென்ட்ஓஎஸ் 5 பெட்டியில். மாதம் 7-ஆம் தேதி சம்பளம். 5-ஆம் தேதி மதியம் கரண்ட் போய் வந்த பிறகு பெட்டி எழவில்லை. வெள்ளை எழுத்தில் ஏதோ வருகிறது, பராமரிப்புக்கு ரூட் பாஸ்வேர்டு கேட்கிறது, கன்ட்ரோல்-டி அடித்தால் ரீபூட் ஆகிறது, திரும்பவும் அதே இடம். சர்வீஸுக்கு வந்தவர் பார்த்துவிட்டு ஹார்ட்டிஸ்க் போச்சு, ஃபார்மட் பண்ணணும்னு சொல்லிவிட்டார். பேக்கப் போன மாதத்துடையது. சூப்பர்வைசர் எனக்கு ஃபோன் செய்தபோது குரலே சரியில்லை. "சார், ஃபார்மட் பண்ணிட்டா இந்த மாச ஓவர்டைம் எல்லாம் கையில எழுதினதுதான் சார். அதுலயும் பாதி இல்ல."

திரையில் என்ன எழுதியிருக்குன்னு ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கச் சொன்னேன். எதிர்பாராத முரண்பாடு, எஃப்எஸ்சிகே-வை நீங்களே கையால் ஓட்டுங்க என்று இருந்தது. அதாவது கர்னல் ஏறிவிட்டது, இனிட் எழுந்துவிட்டது, சிஸ்இனிட் கட்டத்தில் வட்டுச் சோதனை தானாகச் சரிசெய்ய முடியாத ஒன்றைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது. ரன் லெவல் 3-க்கோ 5-க்கோ இன்னும் போகவே இல்லை. இந்த இடத்தில் நிற்பது நல்ல செய்தி. ரூட் ஃபைல்சிஸ்டம் படிக்க மட்டும் மவுண்ட் ஆகியிருக்கும், யாரும் அதில் எழுத முடியாது. ரெட்ஹேட் வகையில் இந்த ஷெல்லை விட்டு வெளியே வந்தால் ரீபூட் ஆகும். அதனால்தான் கன்ட்ரோல்-டி சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தது.

ரூட் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை. பழைய ஆள் யூபிஎஸ் பில்லின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருந்தார், அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தார்கள். உள்ளே போனதும் முதலில் கர்னல் பதிவைப் பார்க்கச் சொன்னேன். அதில் ஐ/ஓ எர்ரர் என்று வரிசையாக இருந்தால் வட்டே சாகிறது, அப்போது எஃப்எஸ்சிகே ஓட்டக்கூடாது, முதலில் வேறொரு வட்டில் நகல் எடுக்கணும். அப்படி எதுவும் இல்லை. பிறகுதான் எஃப்எஸ்சிகே, எல்லாக் கேள்விக்கும் ஆமாம் என்று. இருபது நிமிடம் ஓடியது. சில கோப்புகள் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' அடைவுக்குப் போயிருந்தன, சம்பளக் கோப்பு முழுசாக இருந்தது. ரீபூட் செய்ததும் ஒழுங்காக லெவல் 3-க்குப் போய்ச் சேர்ந்தது. 7-ஆம் தேதி சம்பளம் போட்டார்கள்.

சரி, லெவல் 3-க்கு 'போவது' என்றால் என்ன? இனிட்டாப்பில் 3-க்கான 'வெயிட்' வரி 'ஆர்சி' ஸ்கிரிப்டை 3 என்ற எண்ணோடு ஓட்டும். அது 'ஆர்சி3.டி' என்ற அடைவைத் திறந்து பார்க்கும். அங்கே இருப்பதெல்லாம் லிங்க்குகள். அசல் ஸ்கிரிப்டுகள் 'இனிட்.டி' அடைவில் இருக்கும். லிங்க்கின் பெயர் எஸ் அல்லது கே என்ற எழுத்தில் தொடங்கும், அதன் பின் இரண்டு இலக்க எண், அதன் பின் சேவையின் பெயர். முதலில் கே வரிசை: எண் ஏறுவரிசையில், ஒவ்வொன்றையும் 'ஸ்டாப்' என்று சொல்லிக் கூப்பிடும். அப்புறம் எஸ் வரிசை: 'ஸ்டார்ட்'. எஸ்10 நெட்வொர்க் என்றால் எஸ்55 எஸ்எஸ்ஹெச்-க்கு முன்னால் வரும். ஐந்து ஐந்தாக, பத்து பத்தாக எண் விட்டு வைப்பது பின்னால் யாராவது நடுவில் நுழைய இடம் வேண்டும் என்பதற்காக. சீட்டுக் கட்டு மாதிரி அடுக்கினது.

ஸ்டார்ட் பண்ணத்தானே போகிறோம், கே எதற்கு? லெவல் 5-இலிருந்து 3-க்கு இறங்கும்போது ஜன்னல் திரையை நிறுத்தவேண்டும், அதற்கு. 0-க்கும் 6-க்கும் போகும்போது அந்த அடைவுகளில் பெரும்பாலும் கே-தான். கணினியை அணைப்பதும் அதே இயந்திரத்துக்கு இன்னொரு லெவல், அவ்ளோதான். எனக்கு இந்த இடம் அழகாகத் தோன்றும். அணைக்கிறதுக்கு என்று தனியாக ஒரு வழி கிடையாது.

இதன் குறை என்னவென்றால் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றுதான். நெட்வொர்க் கேபிள் பிடுங்கியிருந்தால் டிஹெச்சிபி ஒரு நிமிடம் காத்துக்கிடக்கும், அதன் பின்னால் இருப்பதெல்லாம் வரிசையில் நிற்கும். கணினியின் பெயர் சரியாக இல்லாவிட்டால் சென்ட்மெயில் தொடங்கும் இடத்தில் திரை உறைந்து நிற்கும். பூந்தமல்லி ஹை ரோட்டில் ஒரு லாரி மக்கர் பண்ணினால் பின்னால் இருக்கிற பஸ் எல்லாம் நிற்கிற மாதிரி.

இப்போது 2-க்கும் 5-க்கும் வருவோம். எண்ணுக்குள்ளே எந்த அர்த்தமும் கிடையாது. 0 அணைக்க, 1 ஒற்றை ஆள் பராமரிப்பு, 6 ரீபூட். லினக்ஸில் இந்த மூன்றும் எங்கேயும் ஒன்றுதான். நடுவில் இருப்பது அவரவர் விருப்பம். ஏடி அண்ட் டி வழியில் வந்த யூனிக்ஸில் 2 என்றால் பலர் வேலை செய்யும் நிலை, 3 என்றால் அதோடு வலையில் கோப்புகளைப் பகிர்வது. சோலாரிஸில் 5 போட்டால் பெட்டி பவர் ஆஃப் ஆகிவிடும்! ரெட்ஹேட்டும் சூசேயும் 3 என்றால் நெட்வொர்க்கோடு எழுத்துத் திரை, 5 என்றால் ஜன்னல் திரை என்று வைத்துக்கொண்டன, 4 காலி. டெபியன்காரர்கள் இதில் தலையிடவே இல்லை. 2, 3, 4, 5 நான்கும் ஒன்றுதான், உனக்கு வேணும்னா நீயே மாற்றிக்கொள் என்று விட்டுவிட்டு, இயல்பு நிலையை 2 என்று வைத்தார்கள். ஜன்னல் திரை அவர்களுக்கு ஒரு லெவல் கிடையாது. ஜிடிஎம் என்ற இன்னொரு சேவை, ஆர்சி2.டி-யில் இன்னொரு எஸ் லிங்க். பாஸ் டெபியனின் பிள்ளை, அதனால் 2. பள்ளி லேபில் சூசே, அதனால் 5. சோலாரிஸ் பெட்டி முன்னால் உட்கார்ந்து 'இனிட் 5' என்று அடித்த லினக்ஸ்காரர்களின் கதைகள் அந்தக் காலத்தில் ஏராளம்.

இந்த வித்தியாசம் வெறும் பொது அறிவு இல்லை. ஆவடியில் எங்கள் தெருவில் ஒரு கல்லூரி மாணவி, 2013 வாக்கில். பாஸில் பாஸ்வேர்டு போட்டால் திரை ஒருமுறை சிமிட்டிவிட்டுத் திரும்ப லாகினுக்கே வருகிறது. கடையில் காட்டியதில் லினக்ஸை எடுத்துட்டு விண்டோஸ் மட்டும் போட்டுத் தரேன் என்றிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் புராஜெக்ட் முழுக்க லினக்ஸ் பக்கம். "அங்கிள், அதுல இருக்கறது போயிடுமா?" என்றுதான் முதல் கேள்வி. ஜன்னல் திரை ஒரு சேவைதான், கெட்டிகள் தனி என்று தெரிந்தால் வழி தெரியும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்1 மூன்றையும் சேர்த்து அழுத்தியதும் கறுப்புத் திரையில் 'லாகின்:' வந்தது. அதே பெயர், அதே பாஸ்வேர்டு, உள்ளே போனோம். வட்டு நூறு சதவீதம் நிரம்பியிருந்தது, எல்லாம் சினிமா. ஜன்னல் திரை தன் அனுமதிக் கோப்பை வீட்டு அடைவில் எழுத இடமில்லாமல் செத்துக்கொண்டிருந்தது. இரண்டு படத்தை அழித்துவிட்டு, எஃப்7-க்குத் திரும்பினால் உள்ளே விட்டது. எந்தெந்தப் படம் போகணும் என்று அவருடைய தம்பியோடு நடந்த பேச்சுவார்த்தைக்குத்தான் நேரமாச்சு.

ஒற்றை ஆள் நிலைக்கு ஒரு எச்சரிக்கை. ரெட்ஹேட், சென்ட்ஓஎஸ் 5 வரை, பூட் லோடரில் கர்னல் வரியின் கடைசியில் 'சிங்கிள்' என்று சேர்த்தால் பாஸ்வேர்டே கேட்காமல் ரூட் ஷெல் கொடுத்துவிடும். டெபியனும் சூசேயும் கேட்கும். இனிட்டாப்பில் எஸ் லெவலுக்கு 'எஸ்யூலாகின்' வரியைச் சேர்த்தால் ரெட்ஹேட்டும் கேட்கும். அப்படியும் 'இனிட்' என்பதற்கு பதிலாக நேராக பாஷ் ஷெல்லையே முதல் புராசஸாக ஓட்டு என்று கர்னலிடம் சொல்ல முடியும். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரை இதெல்லாம் தடுக்காது. சர்வர் அறையைப் பூட்டி வைப்பதுதான் தடுக்கும். இனிட்டாப்பைத் திருத்தினால் ரீபூட் தேவையில்லை, 'டெல்இனிட் க்யூ' என்றால் இனிட் கோப்பைத் திரும்பப் படித்துக்கொள்ளும்.

இந்த ஏற்பாடு லினக்ஸ் உலகில் மெதுவாகக் கழன்றது. 2006-இல் உபுண்டு 6.10 அப்ஸ்டார்ட்டுக்குப் போனது. 2014-இல் ரெட்ஹேட் 7-உம், அதே வருடம் சூசே எண்டர்பிரைஸ் 12-உம், 2015 ஏப்ரலில் டெபியன் 8-உம் சிஸ்டம்டி-க்கு மாறின. சேவைகள் வரிசையில் நிற்காமல் ஒன்றுக்கொன்று எது தேவை என்று பார்த்து ஒரே சமயத்தில் கிளம்புகின்றன. பூட் வேகமாச்சு, உண்மை. ஆனால் சாதாரண ஷெல் ஸ்கிரிப்டைத் திறந்து படித்து எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கிற சுகம் போச்சு, என்னைப் பொறுத்தவரை அது சின்ன நஷ்டம் இல்லை. ஸ்லாக்வேர், தேவுவான் மாதிரி சிலர் பழைய இனிட்டை இன்னும் வைத்திருக்கிறார்கள்.

சிஸ்டம்டி வந்த பிறகான பல கணினிகளிலும் 'ரன்லெவல்' என்று அடித்துப் பாருங்க, பதில் வரும். சிஸ்டம்டி 2025 வரை எண்களைத் தூக்கிப் போடாமல் டார்கெட்டுகளுக்குப் பட்டப்பெயராக வைத்திருந்தது: 1 மீட்பு, 3 பலர் நிலை, 5 ஜன்னல் திரை. இனிட்டாப் கோப்பை அது படிப்பதில்லை. பவர்ஃபெயில் வரிக்கு பதிலாக, அதே பழைய சிக்னல் வந்தால் 'சிக்பவர்' என்ற டார்கெட்டைத் தொடங்கும். அந்த சிக்னலை யாராவது அனுப்பணும். அதற்கு யூபிஎஸ்ஸிலிருந்து கணினிக்கு ஒரு கேபிள் மாட்டணும், இப்போது யூஎஸ்பியிலேயே வருகிறது. உங்கள் யூபிஎஸ் வந்த அட்டைப்பெட்டியில் பாருங்க, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அங்கேயேதான் இருக்கும்.